செவிக்குள் ஒரு துலாக்கோல்

விடியற்காலையில் ஒருநாள் படுக்கையில் வலப்புறம் புரண்டேன். வீடே சுழன்றது. அரை நிமிடத்தில் அடங்கிற்று. ஆனால் மறுமுறை புரண்டபோது மீண்டும் சுழன்றது. மூளையில் ஏதோ நேர்ந்துவிட்டதென்றே அஞ்சினேன். மருத்துவரோ என் தலையைச் சாய்த்துப் படுக்கவைத்து, கண்களின் அசைவைக் கூர்ந்து நோக்கிவிட்டு, "காதில்தான் கோளாறு, ஐயா" என்றார். காது நன்றாகக் கேட்கிறதே என்று வாதாடினேன். ஆசிரியர்களுக்கு அப்பழக்கம் எளிதில் போவதில்லை.

உட்செவியில் நத்தைக்கூடுபோல் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுருண்ட குழல் ஒன்றுண்டு. ஒலியை உணர்வது அது. அதனை அடுத்து, ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. அவற்றின் அடியிலுள்ள இரு சிறு பைகளில் படிந்த சுண்ணாம்புத் துகள்கள் தலையின் சாய்வை உணர்த்துகின்றன. அத்துகள்களிற் சில இடம்பெயர்ந்து என் குழலொன்றினுள் விழுந்துவிட்டனவாம். தலையைச் சில கோணங்களில் திருப்பியே அவற்றை வெளியேற்றினார். மருந்தின்றி வீடு திரும்பினேன். தலைசுற்றல் செவியிலிருந்தும் எழும் என்பதைப் பாரிசில் மெனியர் என்னும் மருத்துவர் 1861இலேயே எடுத்துரைத்திருக்கிறார்.

கேள்விக்கும் சமநிலைக்கும் இருப்பிடம் ஒன்றே. மூளைக்குச் செய்தி செல்லும் நரம்பும் ஒன்றே. இதனை அறிந்த அன்றிரவு நான் உறங்கவில்லை.

பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த புதிதில், மூன்றாம் ஆண்டு வகுப்பில் எனக்கு ஒரு மாணவன் இருந்தான். மூளையுறைக் காய்ச்சல் கண்டு இரு மாதங்கள் கழித்துப் பள்ளிக்குத் திரும்பியவன். எதிரே நின்று பேசினால் விடை சொல்வான். பின்னாலிருந்து அழைத்தால் திரும்பமாட்டான். நடிக்கிறான் என்றெண்ணி வெயிலில் நிறுத்தினேன். உடற்கல்வி வேளையில் கோட்டின்மீது நடக்கச் சொன்னால் தடுமாறுவான், சோம்பல் என்றேன். அந்தி சாய்ந்தால் வேலியைப் பிடித்துக்கொண்டே வீடு செல்வான். தட்டாமாலை சுற்றும்போது பிள்ளைகள் எல்லாரும் மயங்கி விழ, அவன் ஒருவன் மட்டும் தலைசுற்றாமல் நிற்பான். அதனை அவனுடைய வீரம் என்று பிள்ளைகள் கொண்டாடினர், நானும் சிரித்தேன்.

அக்காய்ச்சல் உட்செவியை இருபுறமும் சிதைக்கக்கூடும் என்றார் மருத்துவர். அங்குள்ள நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால் கேள்வி குன்றும், நடையும் தளரும், சுழன்றாலும் மயக்கம் தோன்றாது. இருளில் கண்ணும் துணைக்கு வாராது. நான் கண்ட குற்றங்கள் அத்தனையும் ஒரே புண்ணின் வடுக்கள்.

இப்பொழுது முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் சேர்ந்ததும், ஒவ்வொருவர் பின்னாலும் நின்று மெல்லப் பெயர் சொல்லி அழைக்கிறேன். திரும்பாதவரின் பெற்றோரை அழைத்துப் பேசுகிறேன்.

அம்மாணவன் இன்று எங்கிருக்கிறானோ, அறியேன். அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் 'கவனமின்மை' என்று எழுதியது என் கை.