இரண்டாவது வரி

படிக்காமல் செய்திருந்தால் அதற்கு ஒரு மன்னிப்பு உண்டு. நான் படித்துவிட்டுத்தான் செய்தேன்.

விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மதுரை பழங்காநத்தத்தில் வீடு. கூப்பிடு தூரத்தில்தான் பழைய பேருந்து நிலையம். தெற்கத்தி வண்டிகளெல்லாம் மாட்டுத்தாவணிக்குப் போய் எத்தனையோ வருஷமாகியும், அம்மா மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு, “திருநெல்வேலி வண்டி இங்கிட்டுத்தானடா நிக்கும்” என்று கிளம்ப ஆரம்பித்தார். நரம்பியல் மருத்துவர் அல்சைமர் என்றார். தங்கை அழுதாள். நான் ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உட்கார்ந்தேன். இந்த வீட்டில் அதையெல்லாம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற பெருமையும் அதில் இருந்தது.

கண்ணில் பட்டது 2005இல் வெளியான ஒரு சுண்டெலி ஆய்வு. அல்சைமருக்குக் காரணமாகும் மனித மரபணுப் பிழையை ஏற்றி வளர்த்த எலிகள். மாவுச்சத்தை ஏறக்குறைய அறவே நிறுத்தி, கொழுப்பையே உணவாக 43 நாள் கொடுத்திருந்தார்கள். மூளையில் சேரும் அமிலாய்டு புரதம் சுமார் 25 சதவீதம் குறைந்தது. காரணமும் எனக்குப் புரிகிற மாதிரிதான் இருந்தது. அல்சைமர் வந்த மூளை குளுக்கோஸை எடுத்துக்கொள்வதில் பின்தங்கிவிடும்; ஈரல் கொழுப்பிலிருந்து தயாரிக்கும் கீட்டோனை ஓரளவு நன்றாகவே எடுத்துக்கொள்ளும். கீட்டோ என்கிற இந்த உணவுமுறை புதிதும் இல்லை. 1921இலேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வலிப்பு நோய்க்காக முன்வைத்தார்கள். பாதாமை எண்ணிச் சாப்பிட்ட நம்மூர் பேலியோக்காரர்களுக்கு இது ஒன்றுவிட்ட அண்ணன்.

அடுத்த வரி இதுதான்: அமிலாய்டு குறைந்தும், எடை மாறியும், எலிகளின் நடத்தைச் சோதனைகளில் எந்த மாற்றமும் இல்லை. அதாவது ஞாபகம் தேறவில்லை. 2013இல் வந்த இன்னோர் ஆய்வில் இரண்டு வகை எலிகளை வைத்துப் பார்த்தார்கள். அதில் அமிலாய்டும் குறையவில்லை, ஞாபகமும் தேறவில்லை. உடல் இயக்கத் திறன் மட்டும் கூடியது. இரண்டையும் முழுக்கப் படித்தேன். தங்கையிடம் முதல் வரியை மட்டும் சொன்னேன். சுண்டெலிக்கு இயல்பாக அல்சைமர் வராது, நாம் உண்டாக்குவது நோயின் ஒரு துண்டுதான் என்று வகுப்பில் அடித்துச் சொன்ன வாத்தியார் இவன்தான்.

அம்மா ஏற்கெனவே ஒல்லி. இட்லியை நிறுத்தினேன், சோற்றை நிறுத்தினேன். முட்டை, வெண்ணெய், கரண்டிக் கணக்கில் தேங்காய் எண்ணெய். மேரி நியூபோர்ட் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் தன் கணவருக்கு 2008இல் கொடுக்கத் தொடங்கிப் பெயர் பெற்ற வைத்தியம் அது. சட்டென்று கீட்டோனாக மாறும் எட்டு கார்பன் கொண்ட கொழுப்பு தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

இனிமேல் சொல்வதுதான் எழுதக் கை கூசுவது. அம்மா சோறு கேட்பார். கேட்டதை மறந்துவிட்டு மறுபடி கேட்பார். “இப்பத்தானம்மா சாப்பிட்டீங்க, ரசஞ்சோறு” என்பேன். நம்பிவிடுவார். சில நேரம் தன்னையே நொந்துகொண்டு, “மறதி முத்திப்போச்சுடா எனக்கு” என்று வெட்கத்தோடு சிரிப்பார். ஞாபகத்தை மீட்கப்போகிறேன் என்று கிளம்பியவன், அவருடைய மறதியை வைத்தே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அன்றாடம் செய்தேன். கூச்சம்கூட முதலில்தான் இருந்தது.

நடைப்பயிற்சி நண்பர்களுக்கும் இந்த உணவுமுறையைத் தமிழில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அதிலும் இரண்டாவது வரி கிடையாது. அவர்களில் ஒருவர் சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர். அந்த வகை மாத்திரையோடு மாவுச்சத்தையும் அடியோடு நிறுத்தினால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்தாகலாம். உறைத்த அன்று ரவுண்டானா வரை ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். “அதை யாரு சார் படிச்சா?” என்றார். அவமானமும் நிம்மதியும் ஒன்றாக வந்தது அன்றைக்குத்தான்.

அம்மாவின் நிலையைக் கண்டுபிடித்தது தங்கை. விருதுநகரிலிருந்து வந்தவள் ரவிக்கையின் தொளதொளப்பைப் பார்த்துவிட்டு, “அண்ணே, என்னண்ணே செஞ்சு வச்சிருக்க?” என்றாள். எலிக்கதையைத் தொடங்கினேன். அவள் காதில் வாங்காமல் உலை வைத்தாள். அம்மா அன்று தயிர்சோறு தின்ற வேகத்தை நான் பார்க்கவில்லை, மாடிக்குப் போய்விட்டேன். இழந்த எடை கொஞ்சம் திரும்பியது. ஞாபகம் அப்போதும் திரும்பவில்லை, இப்போதும் இல்லை.

கீட்டோவையே பழிப்பது என் குற்றத்தைக் குறைத்துக்காட்டும் வேலை. நியூசிலாந்தில் 26 நோயாளிகளிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், 12 வார கீட்டோ உணவு அன்றாடக் காரியங்களைச் செய்யும் திறனையும் வாழ்க்கைத் தரத்தையும் கூட்டியது; அறிவாற்றல் சோதனையில்தான் சொல்லும்படியான ஏற்றமில்லை. அங்கே நோயாளிகளைக் கவனித்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள், எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். இங்கே கேட்பாரில்லாத நான்.

2024இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு சுண்டெலி ஆய்வு வந்தது. ஏழு மாத கீட்டோ உணவில், நோயின் தொடக்கக் கட்டத்து ஞாபக இழப்பு தள்ளிப்போனதாம். அமிலாய்டு குறையவில்லையாம். பலன் பெண் எலிகளுக்கே கூடுதலாம். படித்ததும், ‘அம்மாவும் பெண்தானே’ என்று மனம் ஓடியது. தொடக்கக் கட்டத்தை அம்மா எப்போதோ தாண்டிவிட்டார் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. மருத்துவரிடம் சொல்லவில்லை. எடை குறைந்த மாதங்களில் அவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது, “எப்பவும் போலத்தான் டாக்டர்” என்றேன். இந்த நோயில் எடை தானாகவும் குறையும் என்பதால் அவரும் நம்பினார். அம்மாவின் கோப்பில் எடைக் குறைவுக்கு நோய்தான் காரணம் என்று இன்றும் எழுதியிருக்கிறது.