கொடுமுடிக் குரல்

ஈரோட்டில் திருச்சி செல்லும் ரயிலில் ஏறினால், சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் கொடுமுடி ஸ்டேஷன் வருகிறது. வழியெல்லாம் மஞ்சள் வயலும் கரும்புத் தோட்டமும் வாழைக் கொல்லையும் கண்ணுக்குக் குளிர்ச்சியாயிருக்கின்றன. பள்ளிக்கூட விடுமுறையில் குடும்ப சகிதமாக நாம் புறப்பட்டபோது, நமது அக்காளும் உடன் வந்தாள். வண்டியில் பாதிப் பேர் காதில் சிறிய குமிழ்களைச் செருகிக்கொண்டு, தனித்தனியே பாட்டுக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே பெஞ்சியில் ஐந்து பேர், ஐந்து கச்சேரி, ஆனால் பெட்டியிலே பாட்டுச் சத்தம் துளிக்கூட இல்லை! நாம் பார்க்கப் போனதோ, ஒலிபெருக்கியின் உதவியில்லாமலே ஆயிரம் பேர் காதுகளை நிறைத்த ஒரு குரல் பிறந்த ஊரை.

கொடுமுடி சிறிய ஊர்தான். தெற்கு முகமாக ஓடிவரும் காவேரி இங்கே கிழக்கே திரும்புகிறாள். அந்தக் கரையிலேதான் மகுடேசுவரர் ஆலயம் இருக்கிறது. ஒரே கோயிலுக்குள் சிவபெருமானும், வீரநாராயணப் பெருமாளும், வன்னி மரத்தடியிலே பிரம்மதேவரும் எழுந்தருளியிருக்கிறார்கள். பங்குனி உத்திரம் வந்துவிட்டால் பழனி யாத்திரைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து நீராடி, குடத்திலே தீர்த்தம் மொண்டு, வன்னி இலையை அதில் இட்டு, காவடியுடன் கிளம்புகிறார்கள்.

தேவாரம் பாடிய மூவரும் இந்த ஸ்தலத்தைப் பாடியிருக்கிறார்கள். அவற்றில் சுந்தரர் பாடியது நமச்சிவாயப் பதிகம் என்று பெயர் பெற்றது. தமக்கு மறதி நேர்ந்தாலும் தம்முடைய நாவானது இறைவன் திருநாமத்தை விடாது என்பது அதன் கருத்து. மனிதனையும் மீறி நாவுக்கு இப்படி ஒரு சுதந்திரம் கிடைத்த ஊரிலேதான், 1908-ம் வருஷத்தில் கே. பி. சுந்தராம்பாள் பிறந்தார்.

அந்தப் பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துக்களை நேயர்கள் கவனிக்க வேண்டும். முதலெழுத்து கொடுமுடியைக் குறிப்பது. இரண்டாவது, தாயார் பாலாம்பாளைக் குறிப்பது. ஊரும் தாயுமே அவருக்கு முகவரி. ஏழைக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே நாடக மேடை ஏறினார். அந்த நாளில் கொட்டகையில் மைக் ஏது? ஹார்மோனியமும் மிருதங்கமும் முழங்க, அவற்றுக்கு மேலே குரல் எழும்பிக் கடைசித் தரை டிக்கெட்டுக்காரன் வரையில் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அவன் சும்மா இருக்கமாட்டான்!

1926-ல் இலங்கைக்கு நாடகமாடச் சென்ற இடத்தில் செங்கோட்டை கிட்டப்பாவை அவர் சந்தித்தார். "வள்ளி திருமண"த்தில் கிட்டப்பா வேலன், சுந்தராம்பாள் வள்ளி என்றால், வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் வந்து விடிய விடியக் கேட்டார்கள். இருவரும் வாழ்விலும் இணைந்தார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா தமது 27-வது வயதிலேயே காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25.

அன்று முதல் வெள்ளைப் புடவையும் திருநீறுமே அவருக்கு ஆபரணங்கள். சில காலம் மேடையை விட்டு விலகியிருந்தார். பிறகு காங்கிரஸ் மேடைகளில் பாடினார்; 1935-ல் "நந்தனார்" படத்தில் நடித்தார். அதற்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்று கேட்டு நாடே மூக்கில் விரலை வைத்தது. நமக்கு அந்தத் தொகை பெரிதாகத் தோன்றவில்லை. கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு பக்தரின் வேஷத்தை, மங்கள காரியங்களுக்கு வெளியே நிறுத்தப்படும் நிலையில் இருந்த ஒரு பெண்மணி தாங்கினார் என்பதே பெரிதாகத் தோன்றுகிறது. அதன் பிறகு 1953-ல் "ஔவையார்" வந்தது. 1958-ல் சென்னை மேல்சபை அங்கத்தினரானார். 1965-ல் "திருவிளையாடல்" வந்தது. அதில், பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய குழந்தையை ஔவை சமாதானம் செய்யும் பாட்டைக் கேளாத தமிழ்க் காது எது? 1980-ல் அவர் மறைந்தார். பாட்டு மறையவில்லை.

ரயிலடிக்குத் திரும்பும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் அந்தக் குரல் கேட்டது. கடைக்காரரை விசாரித்தோம்.

"அம்மா பாட்டுப் போட்டாத்தானுங்க நம்ம கடைக்குப் பொழுது விடியும்" என்றார் அவர், பாலை ஆற்றிக்கொண்டே.

அந்த வார்த்தை நம்மைச் சிந்தனையில் ஆழ்த்திவிட்டது. கோயில் திருவிழாவா? புது வீடு குடிபுகும் விசேஷமா? கடை திறப்பா? ஒலிபெருக்கியில் முதலில் அந்தக் குரல்தான். ஆனால், அதே விசேஷத்துக்கு வந்திருக்கும் ஒரு கைம்பெண், ஆரத்தி எடுக்கும் சமயத்தில் தானாகவே இரண்டடி பின்னால் நகர்ந்துகொள்கிறாளே! மேடையிலிருந்த குரலுக்குத் தலைவாசலைத் திறந்துவிட்ட நாம், நம்முடைய வீட்டிலிருந்த குரலுக்கு எந்த வாசலைத் திறந்தோம்?

நமது குடும்பத்திலும் அப்படி ஒரு குரல் இருந்தது. அத்தைப் பாட்டி சிறு பெண்ணாயிருந்தபோது "நந்தனார்" பார்த்தவர். பாட்டுக்களையெல்லாம் ஒரே தடவையில் மனப்பாடம் செய்துவிட்டாராம். பதினெட்டு வயதில் கணவரை இழந்தார். அதற்குப் பிறகு அவர் பாடியதெல்லாம் கொல்லைக் கிணற்றடியிலும் ஆட்டுக்கல்லின் அருகிலுந்தான். யாரும் அவரைப் பாடக் கூடாதென்று தடுக்கவில்லை; பாடு என்று சொல்லவுமில்லை.

1993-ல் அக்காளின் கல்யாணம் நடந்தது. நலங்கு வைக்க உட்கார்ந்த பிறகுதான், நலங்குப் பாட்டுத் தெரிந்தவர் ஒருவருமே இல்லை என்பது தெரிந்தது. இளம் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கல்யாணப் பெண் சட்டென்று எழுந்து, சாமான் அறைக்குள் போய், அத்தைப் பாட்டியின் கையைப் பிடித்து இழுத்தாள். பெரியவர்கள் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தின் அர்த்தம் பாட்டிக்குத் தெரியும். "நீ போய் உட்கார், கண்ணு. இங்கிருந்தே பாடுகிறேன்" என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து பாட்டு வந்தது. ஐம்பது வருஷமாகச் சபையறியாத குரல், ஓரிடத்திலும் தடுமாறவில்லை. ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. கூடத்திலிருந்தவர்கள் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். பாட்டு முடிந்ததும் பாட்டி அப்பளம் பொரிக்கப் போய்விட்டார்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பாட்டை வாங்கிக்கொண்டு, பாடியவரை அங்கேயே விட்டுவிட்டது அந்தச் சபை. சுந்தராம்பாளோ வெள்ளைப் புடவையோடு வெளிச்சத்தில் வந்து நின்றார். தேசமே எதிரில் உட்கார்ந்து கேட்டது. ஒருவருக்கும் ஒரு குறைவும் வந்துவிடவில்லை. இந்தப் பாடத்தை நமது குடும்பங்கள் அவரிடமிருந்து இன்னும் முழுவதும் கற்றுக்கொள்ளவில்லை. பாட்டை மட்டும் கற்றுக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவும் பழங்கதை என்றால் எழுதியிருக்கமாட்டோம். அன்று பாட்டியின் கையைப் பிடித்து இழுத்த அக்காள், நான்கு வருஷத்துக்கு முன் கணவரை இழந்துவிட்டாள். வருகிற தை மாதத்தில் அவளுடைய பெண்ணுக்குக் கல்யாணம். பாட்டியிடம் கற்ற நலங்குப் பாட்டுக்கள் நமது குடும்பத்தில் இப்போது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கொடுமுடிப் படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது, தன்னையறியாமல் அவற்றில் ஒன்றை முணுமுணுத்தாள். நாம் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"கல்யாணத்தில் நீதான் பாட வேண்டும்" என்றோம்.

"சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ?" என்றாள்.

சம்பந்தி வீட்டாருக்கு நாமே நேரில் எழுதிவிட்டோம். மணப்பெண்ணும் தன் தாயாரின் கட்சிதான். நலங்கின்போது கூடத்தின் நடுவில், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் எதிரிலே, அக்காளுக்காக ஒரு ஜமக்காளம் விரித்து வைப்பதென்று தீர்மானித்திருக்கிறோம். அவள் பாடினாலும் சரி, பாடாவிட்டாலும் சரி. அது அவளுடைய இஷ்டம். கதவுக்குப் பின்னால் மட்டும் அவளுக்கு இடம் கிடையாது.