காஷ்… காஷ்…

போன பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த பேரன், மடிக்கணினியை மூடாமலே சாப்பிட உட்கார்ந்தான். "அப்படி என்னடா அவசரம்?" என்றேன். "கேஷ் பிரச்சினை தாத்தா" என்றான். பணமுடையோ என்று பயந்துவிட்டேன்!

விசாரித்தால், அது நம்ம பிரெஞ்சுச் சொல். 'காஷே' என்றால் ஒளித்து வைப்பது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குக் கண்ணாமூச்சியின் பெயரே 'காஷ்-காஷ்' தான்.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். நினைவகத்தைவிடச் செயலி பல மடங்கு வேகம். அதனால் அடிக்கடி வேண்டியதைப் பக்கத்திலேயே ஒரு சிறு இடத்தில் வைத்துக்கொள்ளும். அதுதான் கேஷ். எழுதுவதையும் முதலில் அங்கே எழுதி, நினைவகத்தில் பிறகு பதிக்கும். இது 'ரைட்-பேக்'. ஆனால் சாதனங்களுக்குப் போகும் கட்டளைகள் ஒளிந்து கிடக்கக் கூடாது. உடனே நேரே போக வேண்டும். எந்தப் பக்கத்துக்கு எந்த முறை என்று இயங்குதளம் அட்டவணையில் குறித்து வைக்கும்.

ஒரே கணினிக்குள் பல கணினிகள் குடியிருந்தால்? வீட்டுக்காரர் ஹைப்பர்வைசர், குடித்தனக்காரர் 'கெஸ்ட்'. ஆர்ம் வகைச் செயலியில் கெஸ்ட், திரைக்கான நினைவகத்தைச் சாதனம் என்று நம்பிக் கேஷைத் தொடாமல் நேரே எழுதுகிறது. வீட்டுக்காரர் பக்கத்து நிரலோ அதே இடத்தைக் கேஷ் வழியாகப் படிக்கிறது. பழசும் புதுசும் கலந்து படம் குழம்பிவிடுகிறது.

எனக்குச் சுருக்கென்றது. எழுபதுகளில் ஓர் அலுவலகத்தில் ஓய்வூதியப் பிரிவில் இருந்தேன். வரும் உத்தரவுகளை என் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு, சாயங்காலம் மொத்தமாகப் பதிவேட்டில் ஏற்றுவேன். வேகமான ஆள் என்று பெயர். ஒருநாள் குழந்தைக்குக் காய்ச்சல், ஏற்றாமலே ஓடிவிட்டேன். நோட்டு என் மேசை இழுப்பறையில், சாவி என் பையில். மறுநாள் பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விதவை அம்மா வந்திருக்கிறார். சக ஊழியர் பதிவேட்டைப் புரட்டி, "உத்தரவு வரலையே" என்று அனுப்பிவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. பேரன் சொன்னதில் கேஷ் பழசு. என் கதையில் பதிவேடு பழசு. திசைதான் வேறு.

"இதுக்கு மருந்து உண்டா?" என்றேன்.

"உண்டு தாத்தா. ஆர்மில் ரெண்டு பேர் குறிப்பில் எது கண்டிப்பானதோ அதுதான் செல்லும். வீட்டுக்காரரால் தளர்த்த முடியாது. ஆர்ம் 8.4-இல்தான், கெஸ்ட் என்ன குறித்தாலும் சாதாரண நினைவகத்துக்கு ரைட்-பேக்தான் என்று ஹைப்பர்வைசர் சொல்ல வழி வந்தது. இன்டெலிலும் கெஸ்டின் குறிப்பை ஒதுக்க ஒரு பிட் இருக்கு. எல்லாரும் ஒரே முறையில் எழுதிப் படிச்சா குழப்பமில்லை."

எனக்கு அந்த மருந்து வேறு விதமாக வந்தது. நாலு நாள் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தார். கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "அன்னிக்கும் கடன் வாங்கித்தான் பஸ் ஏறினேன், தம்பி" என்றார்.

அன்றோடு அந்த நோட்டை விட்டேன். ஓய்வு பெறும்வரை, உத்தரவு கைக்கு வந்ததும் நேரே பதிவேட்டில்தான் எழுதினேன்.