பூச்சாடி விட்டுச்சென்ற கறை

அரசியல் பத்தியை எதிர்பார்த்து இப்பக்கத்துக்கு வரும் வாசகர்கள் இம்முறை பொறுத்தருள வேண்டும். 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் பதினொரு நாட்கள் நான் ஒரு கறையோடு மல்லுக்கட்டினேன். அதிலே என்னுடைய பழைய தவறொன்றும் சம்பந்தப்பட்டிருந்தது. எனவே எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளவத்தையில் உள்ள எங்கள் தொடர்மாடி வீட்டின் முன்னறையில் ஒரு செந்நிறக் கம்பளம் விரித்திருக்கிறோம். குவைத்தில் வேலை பார்த்த என் மூத்த அண்ணர் 1988இல் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. யாழ்ப்பாணத்துக்கு அதைக் கொண்டுசெல்லும் நிலைமை அன்று இருக்கவில்லை. மாமா வீட்டில் சுருட்டிச் சாத்தி வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். 1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக்கியப் படைகள் குவைத்தினுள் புகுந்தன. சில வாரங்கள் கழித்து அண்ணர் ஒரேயொரு கைப்பையுடன் கட்டுநாயக்காவில் வந்திறங்கினார். ஆறு ஆண்டு உழைப்பில் கண்ணுக்குத் தெரிய மிஞ்சியது மாமா வீட்டு மூலையில் கிடந்த அந்தக் கம்பளம் மட்டுமே. பின்னர் கனடாவுக்குப் போகும்போது அதை என்னிடம் ஒப்படைத்தார். குவைத்தைப் பற்றி அவர் பேசுவதில்லை. ஊரார் கதையெல்லாம் கேட்டு எழுதிப் பிழைத்த நானும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

2020 ஊரடங்குக் காலத்தில் பலரைப் போல என் மனைவியும் வீட்டுக்குள் செடி வளர்க்கத் தொடங்கினார். அவற்றுள் இறப்பர் செடியொன்று மளமளவென்று வளர்ந்து, பெரிய மண் சாடிக்கு மாறி, கம்பளத்தின் ஓரத்தில் மூன்று கால் இரும்புத் தாங்கியொன்றின் மீது குடியேறியது. சாடியின் கீழே தண்ணீர் ஏந்த ஒரு மண் தட்டு இருந்தது. அதுதான் வினை. மெருகிடாத சுட்ட மண் தண்ணீரைத் தேக்கி வைப்பதுபோலத் தோற்றம் காட்டுமே தவிர, மெல்ல மெல்லக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். மூன்று ஆண்டுகளாக அதை எவரும் நகர்த்திப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் வருகிறேன் என்று அண்ணர் தொலைபேசியில் சொன்ன மறுநாள், வீட்டைத் துப்புரவாக்க மனைவி சாடியை நகர்த்தினார்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா இங்கை வாங்கோ" என்ற குரலிலேயே விடயம் பாரதூரமானது என்று விளங்கிவிட்டது. ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவில் கபில நிற வட்டம். தாங்கியின் கால்கள் நின்ற மூன்று இடங்களிலும் கன்னங்கரிய புள்ளிகள். அதோடு ஈரப் பூஞ்சண நாற்றம்.

மனைவி தாமதிக்கவில்லை. வீட்டுக்குறிப்புகளை வெட்டி ஒட்டிய கொப்பியொன்று அவரிடம் உண்டு. அதில் பார்த்து, கொதிநீரில் சலவைச் சவர்க்காரத்தைக் கரைத்துத் தும்புத் தூரிகையால் அழுத்தித் தேய்த்தார். வட்டம் கறுத்தது, அகலமும் கூடியது. கொப்பியை வாங்கிப் பார்த்தேன். தாள் மஞ்சளித்திருந்தாலும் அந்த எழுத்தமைப்பை நான் மறக்கவில்லை. 1990களின் நடுப்பகுதியில், பல்கலைக்கழகத்தை விட்டு வந்த புதிதில், நான் உதவி ஆசிரியராக இருந்த பத்திரிகையின் பெண்கள் பக்கம் அது. பக்கத்தின் அடியில் நாலு அங்குலம் வெறுமையாகிவிட்டால், கையில் அகப்பட்ட ஆங்கிலச் சஞ்சிகையைப் புரட்டி இரண்டு குறிப்புகளை மொழிபெயர்த்துப் போடுவேன். எந்தக் கறை, எந்தத் துணி என்ற விபரங்கள் இடம் போதாமல் வெட்டுப்பட்டுவிடும். நான் ஒருநாளும் செய்து பார்க்காததை, பெயர் போடாமல் நான் எழுதியதை, பிற்காலத்தில் எனக்கு மனைவியாக வந்தவர் பத்திரமாக வெட்டி வைத்திருந்தார். அதை அவரிடம் சொல்வதற்கு இரண்டு நாட்கள் எடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கொப்பியை மூடி வைத்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் தொடர்மாடியில் இரசாயனம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மாஸ்டரை அழைத்து வந்து காட்டினேன். குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது ஒரு கறையில்லை, மூன்று கறை" என்றார். சாடியில் மண்ணோடு கலந்திருந்தது தும்புத்தூள். அதிலே தனின் நிறைய உண்டு. தென்பகுதிக் கரையோரத்தில் மட்டை ஊறப்போடும் குட்டைகளின் தண்ணீர் தேயிலைச் சாயம்போல் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தனின் கறைக்குச் சவர்க்காரம் போன்ற காரப் பொருள் பட்டால் கறை மேலும் கறுத்து இறுகும். இரண்டாவது, தாங்கியின் துரு. துருவும் தனினும் கலந்த இடம் கறுப்பாகிவிட்டது. "உம்முடைய தொழில் சாமான்தான், ஐசே" என்று சிரித்தார். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சியது இதே முறையில்தான். ஆக, என் வீட்டுக் கம்பளத்தில் மூன்று ஆண்டுகளாக மை காய்ச்சப்பட்டிருக்கிறது! மூன்றாவது கறை கம்பளத்தின் உள்ளே இருந்தது. மேற்பக்கம் கம்பளியென்றாலும் அடிப்பக்கம் சணல். சணல் நனைந்து காயும்போது அதன் கபிலச் சாயம் மேலேறி வந்து நுனிகளில் படியும். துடைத்துச் சுத்தமாக்கிய இடம் மறுநாள் காலையில் மீண்டும் கறுப்பது அதனால்தான்.

முதலில் உலர்த்தினோம். கம்பளத்தை மொட்டைமாடிக்குத் தூக்கிச் சென்று, இரண்டு கதிரைகளின் முதுகில் போட்டு, மூன்று நாள் காலை வெய்யில் காட்டினோம். நிறம் மங்கிவிடும் என்பதால் உச்சி வெய்யிலுக்கு முன் இறக்கிவிடுவோம். காய்ந்த பூஞ்சணத்தை அங்கேயே தட்டி உதிர்த்தோம்.

பின்னர் வினாகிரி. ஒரு பங்கு வினாகிரிக்கு இரண்டு பங்கு குளிர்ந்த நீர். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, வட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒற்றியெடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. துணி பழுக்கப் பழுக்க மாற்ற வேண்டும். கடைசியில் வெறும் நீரால் ஒற்றிவிட்டு, மடித்த வெள்ளைத் துணிகளை அதன்மேல் அடுக்கிப் பாரம் வைத்து இரவு முழுவதும் விட வேண்டும். மேலேறி வரும் சாயத்தைத் துணி குடித்துக்கொள்ளும். மனைவி பழைய பத்திரிகைகளை எடுத்து வந்தார். வேண்டாம் என்று தடுத்தேன். அச்சு மை எங்கெல்லாம் ஒட்டும் என்பது முப்பது வருடம் கை கழுவியவனுக்குத் தெரியும். பல்கலைக்கழக நாட்களில் வாங்கிய பேரகராதியைப் பொலித்தீன் பையில் இட்டுப் பாரமாக வைத்தேன். ஐந்து இரவுகள் அது அங்கேயே கிடந்தது. ஒவ்வொரு காலையும் துணியில் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம்; நாளுக்கு நாள் மெலிந்த வட்டம்.

கறுத்த புள்ளிகளுக்குத் தேசிக்காய்ச் சாறு. பழமையான வைத்தியம்தான், ஆனால் கேட்டது. அதிலுள்ள அமிலம் இரும்பைப் பிடித்து இழுத்துவிடுகிறது. சில நிமிடம் ஊறவிட்டு நீரால் ஒற்றி, மறுபடியும் சாறு. கீழ்மாடிக் கடைக்காரர் குளோரின் கலந்த வெளிறாக்கியைச் சிபாரிசு செய்தார். நல்லவேளை மாஸ்டர் பக்கத்தில் நின்றார். அது கம்பளியை அரித்துவிடும், துருவை மேலும் நிலைக்கச் செய்யும். வினாகிரியோடு கலந்தால் நச்சு வாயுவும் கிளம்பும்.

ஒன்பதாம் நாள் வட்டம் நிழலளவுக்கு வந்துவிட்டது. பாமசியில் மூன்று வீத ஐதரசன் பேரொட்சைட்டு வாங்கி, சோபாவுக்குக் கீழே மறையும் மூலையில் ஒரு துளி விட்டுப் பார்த்தேன். செந்நிறம் இளஞ்சிவப்பாக மாறியது. அத்தோடு போத்தலை மூடிவிட்டேன். செடி பல்கனிக்குப் போனது. நிழல் வட்டம் சுவரோரம் வருமாறு கம்பளத்தைத் திருப்பிப் போட்டோம்.

ஆவணியில் அண்ணர் வந்தார். முதல் நாள் மாலை சோபாவில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டே கீழே பார்த்தார்.

"என்னடா, வினாகிரி மணக்குது?"

சொல்லிவிட்டேன். கொப்பிக் கதையை மனைவி சொன்னார். அண்ணர் எழுந்து போய்ச் சுவரோரம் குந்தி, அந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். வெகுநேரம் எழும்பவில்லை. முழங்கால் நோ இருக்கும் மனிதர். கை கொடுக்கப் போனேன்.

"இதுக்குச் சோடியா இன்னொண்டும் வாங்கினனான்" என்றார். "அம்மாவுக்கு எண்டு. அவிழ்க்கவேயில்லை. அறையிலை விட்டிட்டுத்தான் ஜோர்தானுக்கு லொறி ஏறினது."

எந்த நிறம் என்று கேட்டேன்.

"பச்சை" என்றார். பிறகு அந்த லொறியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.