சக்கரமில்லாத தேர்

லிவர்பூலுக்குப் போகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. பீட்டில்ஸ் பாடகர்கள் வளர்ந்த வீடுகளைத் தேடிக்கொண்டு போவது ஒரு கட்சி. கால்பந்து மைதானத்தைத் தரிசிக்கப் போவது இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் சேரவில்லை. லைம் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் ரயிலேறி, வேவர்ட்ரீ டெக்னாலஜி பார்க் என்ற சிறிய ஸ்டேஷனில் இறங்கினேன். அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டீர்களானால், ஒன்றுமே இல்லை! அலுவலகக் கட்டடங்கள், கார் நிறுத்தும் இடங்கள், எலும்பைத் துளைக்கும் குளிர்காற்று, அவ்வளவுதான். ஆனாலும் அரைமணி நேரம் அங்கே நின்றேன். காரணம், என் அக்கா.

அக்கா என்றால் பெரியம்மாவின் பெண். லிவர்பூலில் ஓர் ஆஸ்பத்திரியில், விபத்தில் அடிபட்டு வருகிறவர்களைக் கவனிக்கும் பிரிவில் நர்ஸாக இருக்கிறாள். நான் போய் இறங்கிய மறுநாள் காலை, இரவு டியூட்டி முடிந்து எட்டரை மணிக்கு வீடு திரும்பினாள். எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். பிறகு படுக்கப் போவாள் என்று பார்த்தால், டி.வி.க்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து வீடியோ கேமைப் போட்டாள்!

"என்ன அக்கா இது? பையன் பள்ளிக்கூடம் போன சமயம் பார்த்து அவன் விளையாட்டுச் சாமானை எடுத்துக் கொண்டாயா?" என்றேன்.

"அவனுடையது இல்லை, என்னுடையது. பத்து நிமிஷம் வாயை மூடிக் கொண்டிரு!"

மூடிக் கொண்டேன். திரையில் மீன்கொத்தியின் அலகு போலக் கூரான ஒரு வாகனம். அதற்குச் சக்கரம் கிடையாது. புவியீர்ப்பை வென்று, பாதைக்கு ஒரு முழ உயரத்தில் மிதக்கிறது. 'விர்'ரென்று கிளம்பியது பாருங்கள், என் கையிலிருந்த காப்பி தளும்பிற்று!

ஆட்டத்தின் பெயர் 'வைப்அவுட்'. இந்த ஊரிலேயே பிறந்தது. சைக்னோசிஸ் என்ற லிவர்பூல் நிறுவனம், 1995-இல் ஐரோப்பாவில் பிளேஸ்டேஷன் விற்பனைக்கு வந்தபோது கூடவே இதையும் வெளியிட்டது. கதை நடப்பது 2052-ஆம் வருஷத்தில். மிதக்கும் வாகனப் பந்தயம் என்பது அதற்கு முன்பே உண்டு. ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1990-இல் 'எஃப்-ஸீரோ'வைக் கொண்டு வந்துவிட்டது. ஆனால் லிவர்பூல்காரர்கள் அதில் சங்கீதத்தைக் கலந்தார்கள். ஆட்டத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான நிக் பர்கோம், வேறொரு பந்தய ஆட்டத்தைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, தமக்குப் பிடித்த நடன இசையைப் போட்டுக்கொண்டு ஆடிப் பார்த்தாராம். அந்த அனுபவம் இந்த ஆட்டத்துக்கு ஒரு வித்து.

"நீயும் ஆடிப் பாரேன்" என்றாள் அக்கா.

எடுத்த எடுப்பில் இடப்பக்கச் சுவர். அடுத்து வலப்பக்கச் சுவர். மறுபடியும் இடப்பக்கம். அக்கா சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

"சக்கர வண்டி என்று நினைத்து ஓட்டாதே. மூக்கைத் திருப்பினாலும் உடம்பு பழைய திசையிலேயே போகும். நம் ஊர்த் தேர் மூலை திரும்பும்போது ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவார்களே, நினைவிருக்கிறதா? அதே மாதிரிதான். இடது பக்கம் திரும்ப இடது பிரேக். வளைவுக்கு வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே!"

ஐந்தாறு தரம் மோதிய பிறகு ஒரு வளைவில் முட்டுக்கட்டை சரியாக விழுந்தது. வாகனம் வழுக்கிக்கொண்டே, சுவரை உரசாமல், வாய்க்கால் தண்ணீர் திரும்புவது போல் திரும்பிற்று. அந்த ஒரு கணம் எனக்குப் புரிந்துவிட்டது! கை யோசிக்கிறது, மனசு சும்மா இருக்கிறது.

அக்காவுக்குப் பிடித்தது 'ஜோன்' என்ற வகை. அதில் எதிராளி கிடையாது. வாகனம் தானாகவே வேகம் கூட்டிக்கொண்டே போகும். மோதாமல் எத்தனை தூரம் தாங்குகிறோம் என்பதுதான் கணக்கு.

"நேற்று ராத்திரி ஒரு பையன் வந்தான், மோட்டார் சைக்கிள்" என்றாள் திடீரென்று. "பத்தொன்பது வயசு."

"பிழைத்தானா?"

பதில் இல்லை. திரையையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

ஊரில் எங்கள் தெருவில் சைக்கிளை அவள் போல் ஓட்டியவர்கள் இல்லை. ஆற்றங்கரைச் சரிவில் கைகளை விட்டுவிட்டு இறங்குவாள். இன்று அவள் கார் ஓட்டினால் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து அலுத்துப் போகிறார்கள். வேகம் மனிதனை என்ன செய்கிறது என்பதை ராத்திரிதோறும் பார்க்கிறவள் அல்லவா?

"எனக்கு வேகம் பிடிக்கும்டா. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இதிலே மோதினால் யாரும் சாவதில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் மறுபடி ஆரம்பம்" என்றாள். பிறகு, "வேவர்ட்ரீக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா" என்றாள்.

அதனால்தான் வேவர்ட்ரீ. சைக்னோசிஸ் பின்னாளில் இங்கேதான் இயங்கியது. 2012-இல் மூடிவிட்டார்கள், ஆட்டம் மட்டும் 2017-இல் புதுத் தொகுப்பாக வெளிவந்தது. அலுவலகம் இருந்த தெருவின் பெயர் ஸ்டீபன்சன் வே. பக்கத்தில் ஓடுவதோ ஜார்ஜ் ஸ்டீபன்சன் போட்ட லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் பாதை!

1830 ஆகஸ்டில், திறப்பு விழாவுக்கு முன்பே, ஃபேனி கெம்பிள் என்ற இருபது வயது நடிகை இந்தப் பாதையில் ஸ்டீபன்சனோடு எஞ்சினில் பிரயாணம் செய்தாள். மணிக்கு முப்பத்தைந்து மைல் வேகம். கண்ணை மூடிக்கொண்டதும் பறப்பது போலிருந்தது என்றும், பயமே தோன்றவில்லை என்றும் தோழிக்குக் கடிதம் எழுதினாள். செப்டம்பர் 15-ஆம் தேதி திறப்பு விழா. அன்றைக்கே லிவர்பூலின் பார்லிமெண்ட் அங்கத்தினர் வில்லியம் ஹஸ்கிஸன், 'ராக்கெட்' எஞ்சினில் அடிபட்டு மாண்டார். பறக்கும் இன்பமும் அதற்கான விலையும் ஒரே மாதத்துக்குள் ஒரே பாதையில் வந்து சேர்ந்தன.

அந்த இன்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு விலையைத் தள்ளிவிட முடியுமா? நிஜப் பாதையில் முடியாது. அதே பாதையின் ஓரத்தில், சக்கரத்தையே கழற்றிவிட்டவர்கள் திரையிலே முடித்துக் காட்டினார்கள்.

மான்செஸ்டர் ரயில் ஒன்று என்னைக் கடந்து போயிற்று. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றேன்.

வீடு திரும்பியபோது அக்கா தூங்கி எழுந்து சாம்பாருக்குத் தாளித்துக் கொண்டிருந்தாள்.

"பார்த்தாயா?"

"பார்த்தேன். அந்த இடப்பக்கத்து வளைவு இருக்கிறதே, அக்கா... இன்னும் ஒரே ஒரு தரம் ஆடிப் பார்க்கட்டுமா?"

"முதலில் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட வா" என்றாள்.