கயிற்றின் நீளம்

போர்ட் பிளேர் நகரையும் சாத்தம் தீவையும் ஒரு பாலம் இணைக்கின்றது. மாலை வேளையில் அப்பாலத்தின் அருகே நின்று கடலை நோக்கினால், பெரிய படகுகளின் பின்னே சிறு படகுகள் கயிற்றால் கட்டப்பட்டு அசைந்தாடுவதைக் காணலாம். தாய்ப்பசுவைத் தொடரும் கன்றுகளைப் போல அவை தோன்றும். பார்ப்பதற்கு இனிய காட்சிதான். ஆனால், அந்தக் கயிற்றை எவ்வளவு நீளமாக விடுவது, எப்போது சிறு படகை மேலே தூக்குவது, எப்போது கயிற்றை அறுத்து விடுவது என்பவை கடலோடிகளின் உயிரையே தீர்மானிக்கும் கேள்விகளாகும்.

பெரிய பாய்மரக்கப்பலுக்குச் சிறு படகு எதற்காக என்று கேட்கலாம். பெரிய கலத்தின் அடிப்பகுதி நீருக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். அந்தமான் தீவுகளைச் சுற்றியோ பவளப்பாறைகள் படர்ந்துள்ளன. ஆழங்குறைந்த அந்நீரில் பெரிய கலம் நுழைந்தால் பாறையில் மோதி உடையும். ஆகவே அது தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றுவிடும். குடிநீர் கொண்டுவரவும், விறகு எடுக்கவும், நோயுற்றவரைக் கரை சேர்க்கவும் சிறு படகே செல்ல வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வந்த கப்பல், கடைசி நூறு மீட்டரைக் கடக்கச் சிறு படகையே நம்பியிருக்கின்றது.

இத்தீவுகளின் வரலாறும் இவ்வுண்மைக்குச் சான்று கூறும். 1788ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்ச்சிபால்ட் பிளேர் என்னும் கடற்படை அதிகாரி, 'எலிசபெத்', 'வைப்பர்' என்னும் இரு கலங்களுடன் இத்தீவுகளை அளந்து வரைபடம் வரையப் புறப்பட்டார். அடுத்த ஆண்டில் சாத்தம் தீவில் ஒரு குடியேற்றம் அமைக்கப்பட்டது. போர்ட் பிளேர் என்ற பெயர் அவரை நினைவுகூர்வதாகும். (2024ஆம் ஆண்டில் இந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது.) அக்காலத்தில் கடலை அளப்பவர்கள் பெரிய கப்பலை ஆழமான நீரில் நிறுத்திவிட்டு, சிறு படகில் ஏறிச் செல்வார்கள். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை நீரில் இறக்கி, அடித்தரையைத் தொடும் வரை விட்டு ஆழத்தைக் குறித்துக்கொள்வார்கள். வரைபடத்தில் நாம் காணும் கரையோர எண்களுக்குப் பின்னே, துடுப்பு வலித்த கைகளின் உழைப்பு இருக்கின்றது.

இனி, சிறு படகை இழுத்துச் செல்லும் முறையைக் காண்போம். படகின் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் தமிழ்க் கடலோடிகள் வழங்குவர். பெரிய கலத்தின் அமரத்திலிருந்து செல்லும் கயிறு, சிறு படகின் அணியத்தில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலேயுள்ள வளையத்தில் கட்டப்படும். வளையம் தாழ்வாக இருந்தால், இழுக்கும்போது படகின் மூக்கு மேலெழும், நீருக்குள் குத்தாது. கயிறு உராய்ந்து தேயும் இடத்தில் துணியைச் சுற்றி வைப்பார்கள். ஒரு கயிறு அறுந்தால் மற்றொன்று காக்கும் என்பதற்காக இரண்டாவது கயிற்றையும் கட்டுவார்கள். துடுப்பு, இயந்திரம் முதலியவற்றை முன்னதாகவே எடுத்துப் பெரிய கலத்தில் வைத்துவிடுவார்கள். படகு கவிழ்ந்தால் அவையும் கடலுக்குப் போய்விடும் அல்லவா?

கயிற்றின் நீளமே இக்கலையின் நுட்பமாகும். கயிறு குறுகியிருந்தால், பின்னாலிருந்து வரும் அலை சிறு படகைத் தூக்கி எறியும். அது பெரிய கலத்தின் அமரத்தில் வந்து மோதும். கயிறு தவறான அளவில் நீண்டிருந்தால், பெரிய கலம் அலையின் மேல் ஏறும்போது சிறு படகு மற்றோர் அலையில் சறுக்கும். அப்போது கயிறு ஒரு கணம் தளர்ந்து, மறுகணம் வெடுக்கென்று இழுபடும். அந்த ஓர் இழுப்பில் கயிறு அறுந்துபோகலாம். வளையமே பிடுங்கிக்கொண்டு வந்துவிடவும் கூடும். ஆகவே, இரு கலங்களும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்குமாறு, அலைகளின் இடைவெளியைப் பார்த்துக் கயிற்றை விடுவார்கள். அலை மாறினால் கயிற்றின் அளவும் மாறும். ஒருமுறை கட்டிவிட்டு உறங்கப் போக இயலாது.

தீவுகளின் மறைவில், அமைதியான நீரில், பகற்பொழுதில் செல்லும்போது இம்முறை போதும். ஆனால் சிறிய அந்தமானுக்கும் கார் நிக்கோபாருக்கும் இடையே பத்துப் பாகைக் கால்வாய் கிடக்கின்றது. சுமார் 150 கிலோமீட்டர் அகலமுள்ள திறந்த கடல் அது. அங்கே இரவும் காற்றும் மழையும் சேர்ந்து வந்தால், இழுபடும் படகில் நீர் நிறையும். நீர் நிறைந்த படகு நங்கூரம் போலப் பெரிய கலத்தைப் பின்னே பிடித்து நிறுத்தும். சுக்கானுக்குக் கலம் கட்டுப்படாது. அந்நிலையில் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அறுத்தால் ஆட்கள் பிழைப்பார்கள். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் கரையேறப் படகு இராது. இத்துன்பம் நேராதிருக்கவே, அறிந்தவர்கள் நெடும்பயணத்திற்கு முன்பே சிறு படகை மேல்தளத்தில் ஏற்றிக் கட்டிவிடுகிறார்கள்.

உலகைத் தனியாகப் பாய்மரப் படகில் முதன்முதலில் சுற்றி வந்தவர் ஜோஷுவா ஸ்லோகம். 1895ஆம் ஆண்டில் புறப்பட்டு 1898ஆம் ஆண்டில் திரும்பினார். அவருடைய 'ஸ்பிரே' என்னும் கலம் ஏறத்தாழ 11 மீட்டர் நீளமே உடையது. முழுச் சிறுபடகு ஒன்றை ஏற்ற இடமும் இல்லை. தனியொருவராகத் தூக்கவும் இயலாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு சிறு படகைக் குறுக்கே இரண்டாக அறுத்து, அறுத்த பக்கத்தைப் பலகையால் அடைத்து, பாதிப் படகை மட்டும் ஏற்றிக்கொண்டார்! அதுவே அவருக்குத் துணி துவைக்கும் தொட்டியாகவும் குளிக்கும் தொட்டியாகவும் பயன்பட்டது.

நிக்கோபார் மக்களின் வழியோ வேறு. அவர்களுடைய 'ஹோடி' மரத்தைக் குடைந்து செய்யப்படுவது. அதன் பக்கத்தில் ஒரு மிதப்புக்கட்டை பிணைக்கப்பட்டிருக்கும். அலையில் கவிழாமல் அது காக்கும். பெரிய கலத்தின் பின்னே இழுபடாமலேயே, கார் நிக்கோபார் மக்கள் சுமார் 75 கிலோமீட்டர் கடலைக் கடந்து சௌரா தீவுக்கு ஹோடிகளில் சென்று, அங்கே வனையப்பட்ட மண்பானைகளை வாங்கி வந்தனர். படகு சிறியதாயினும், தன் கால்களில் தானே நிற்கும்படி அமைந்தால் பெருங்கடலும் வழிவிடும் என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டினர்.

அந்தமானில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் கடல் கடந்து வந்தவையே. தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் பலர். இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டோரும் உளர். பல இல்லங்களில், அலுவலகத்துப் படிவத்தை இந்தியில் நிரப்பித் தருவதும், மருத்துவரிடம் பாட்டியின் நோயை எடுத்துச் சொல்வதும் பள்ளி செல்லும் பிள்ளைகளே. நெடுந்தொலைவு கடந்து வந்த பெரிய கலம் நிற்கும் இடத்திலிருந்து, கரைக்குச் செல்லும் சிறு படகுகள் அப்பிள்ளைகள்.

கரைக்குச் சென்ற படகு மாலையில் திரும்பி வருகின்றது. பாட்டி கேட்கும் கேள்விக்குப் பாட்டியின் மொழியிலேயே விடை சொல்கின்றது. கயிறு இழுபடவும் இல்லை, தளரவும் இல்லை. இரண்டு கலங்களும் ஒரே அலையில் ஏறி இறங்குகின்றன.