பால் சொசைட்டி வாசலில் ஓர் ஊர் டி.வி.!

சென்னை சென்ட்ரலில் நவஜீவன் எக்ஸ்பிரஸ் ஏறினால், மறுநாள் வதோதராவைத் தாண்டியதும் ஆனந்த் வரும். அமுல் வெண்ணெயால் நம் வீடுகளுக்கெல்லாம் பழக்கமான ஊர். அதையடுத்து நடியாத், சர்தார் வல்லபபாய் படேல் பிறந்த ஊர். நடியாத்துக்குப் பக்கத்துக் கிராமம்தான் பீஜ்.

ரயில் ஜன்னல் வழியே பார்த்தால் புகையிலை வயல், வாழைத் தோட்டம், வேப்பமரத்தடியில் எருமைகள். குஜராத்தின் வளமான பூமி இது. 1918-ல் வரி கட்ட முடியாத விவசாயிகளுக்காகக் காந்தி சத்தியாகிரகம் நடத்திய கேடா மாவட்டம். 1946-ல் பால் உற்பத்தியாளர்கள் கூடிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதும் இதே மண்ணில்தான். கேள்வி கேட்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. ஆனால், அவர்களின் கேள்வியை டி.வி.யில் காட்டியதுதான் பீஜின் பெருமை!

1975, சென்னைக்கு டி.வி. வந்த வருஷம். அதே வருஷம் பீஜிலும் ஒரு டிரான்ஸ்மிட்டர் கோபுரம் எழுந்தது. டெல்லி, மும்பை போன்ற பெரிய நகரங்களே டி.வி. பார்த்த காலத்தில் ஒரு கிராமத்துக்கு இது எப்படிக் கிடைத்தது? காரணம் இஸ்ரோ. செயற்கைக்கோள் மூலம் கிராமங்களுக்கு டி.வி.யைக் கொண்டுபோக வேண்டும் என்பது விக்ரம் சாராபாய் கண்ட கனவு. அவர் மறைந்த பிறகு, 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கு, ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களில் அந்தச் சோதனை நடந்தது. இரவல் வாங்கிய அமெரிக்கச் செயற்கைக்கோள் ஓராண்டில் விடைபெற்றது. பீஜ் கோபுரம் மட்டும் தன் மாவட்டத்துக்காகத் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தது.

டி.வி. பெட்டியை எங்கே வைப்பது? அதற்குக் கிடைத்த விடை அழகானது. பெரும்பாலும் பால் சொசைட்டியில் வைத்தார்கள். காலையும் மாலையும் ஊரே பால் ஊற்ற வரும் இடம் அது. சுமார் 400 கிராமங்களில் 600-க்கும் மேற்பட்ட பொது டி.வி. பெட்டிகள். தூக்குப் பாத்திரத்தோடு வந்தவர்கள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

திரையில் பேசியது அவர்கள் பேசும் குஜராத்தி. பேசிய விஷயமும் அவர்களுடையதே. குறைந்தபட்சக் கூலி கையில் கிடைக்கிறதா, தீண்டாமை ஏன் ஒழியவில்லை, குடியால் வீடு என்ன ஆகிறது, கூட்டுறவுச் சங்கம் யாருக்காக நடக்கிறது, உள்ளூர்த் தேர்தலில் என்ன நடக்கிறது... இப்படி ஊர்த் திண்ணையில் முணுமுணுப்பாக இருந்ததெல்லாம் நிகழ்ச்சியானது. அகமதாபாத்தில் இருந்த இஸ்ரோ மையத்தின் ஆட்கள் முதலில் கிராமத்துக்குப் போய் விசாரித்தார்கள். பிறகுதான் கதை எழுதினார்கள். எழுதவும் நடிக்கவும் கிராமத்து மக்களையே சேர்த்துக்கொண்டார்கள். ஒளிபரப்பான பின் மறுபடி போய், 'புரிந்ததா, பிடித்ததா?' என்று கேட்டார்கள்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. கூலி குறைகிறது என்று திரையில் ஒருவர் சொல்லும்போது, கூலி கொடுப்பவரும் அதே சொசைட்டி வாசலில் உட்கார்ந்து பார்க்கக்கூடும். டெல்லிச் செய்தியைப் பார்த்துவிட்டு எழுந்து போவதுபோல இதைப் பார்த்துவிட்டுப் போக முடியாது. மறுநாள் காலை பால் ஊற்றும் வரிசையில் இருவரும் சந்தித்தாக வேண்டும். உள்ளூர் டி.வி.யின் பலமும் அதுதான், அதற்குத் தேவைப்படும் துணிச்சலும் அதுதான்.

1984-ல் கிராமத் தகவல் தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசு கேடாவைத் தேடி வந்தது. மறு வருஷமே வந்தது அடுத்த சேதி. அகமதாபாத்தில் பெரிய டிரான்ஸ்மிட்டர் வந்துவிட்டது, இனி பீஜுக்குத் தனி டிரான்ஸ்மிட்டர் எதற்கு என்ற பேச்சு எழுந்தது. கிராம மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பலிக்கவில்லை. 1985-ல் பீஜ் டிரான்ஸ்மிட்டர் மூடப்பட்டது. அதைக் கொண்டுபோனது எங்கே தெரியுமா? நம்ம மெட்ராஸுக்கு! இங்கே இரண்டாவது சேனல் தொடங்குவதற்காக.

படமும் பாட்டும் கூடுதலாகக் கிடைக்கப்போகிறது என்று சென்னை வீடுகள் மகிழ்ந்திருக்கும். அதற்காக ஏதோ ஒரு குஜராத் கிராமம் எதை இழந்தது என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இன்று எல்லோர் கையிலும் திரை இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் எந்தச் சேனலைத் திருப்பினாலும் விவாதம். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். நம் தெருக் குழாயில் தண்ணீர் வராதது மட்டும் அதில் வருவதில்லை.

குஜராத் பக்கம் போகிறவர்கள் ஆனந்தில் இறங்கி அமுல் பால் பண்ணையைச் சுற்றிப் பார்ப்பதுண்டு. அப்படியே நடியாத் வரை போய், பீஜுக்கும் ஒரு நடை போய் வரலாம். மாலையில் பால் சொசைட்டி வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் போதும். அந்தப் பெட்டியை ஏன் அங்கே வைத்தார்கள் என்பது யாரும் சொல்லாமலே புரிந்துவிடும்.